தொப்பிக் கணக்கு

வழக்கின் பெறுமதி 7,200 ரூபா. தொழில் திணைக்கள விசாரணைகளில் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போட்ட தகராறுகளுக்காக இதைவிடச் சின்னத் தொகைக்கும் வாதாடியிருக்கிறேன். ஆனால் வருமான வரிக்காக, அதுவும் இந்தத் தொகைக்காக, டயகமவில் விடியற்கால பஸ் ஏறி, தலவாக்கலையில் இறங்கி, அங்கிருந்து ஹட்டன் பஸ் பிடித்து என் அலுவலகப் படியேறியவர் அவர் ஒருவர்தான். மலையகத்துச் சட்டத்தரணியின் மேசைக்குக் காணிப் பிரச்சினை வரும், விவாகரத்து வரும், சேமலாப நிதி வரும், கசிப்பு வழக்கு வரும். வருமான வரி வருவது அபூர்வம்.

பெயர் வேண்டாம். ஊரில் அவரைத் தகரக்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். டயகமவில் லயத்தில் பிறந்து, கொழும்பில் ஹார்ட்வெயார் கடையொன்றில் சில வருடம் சாமான் தூக்கி, ஊர் திரும்பிக் கூரைவேலைக் கொந்தராத்து எடுக்கத் தொடங்கியவர். லயங்களின் துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் அடிப்பார். தேயிலை ஸ்டோர் கூரைக்குப் பூச்சுப் பூசுவார். அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கம் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் எல்லாம் செய்திருக்கிறார். அவரோடு ஐந்து பேர்: இரண்டு மச்சான்மார், ஒரு தம்பி, வெளி ஆட்கள் இருவர்.

பட்டா லொறி ஒன்று வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கி வரிக்கணக்கைக் காட்டச் சொன்னது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த மச்சினிச்சி ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவள் ஒரு சி.ஆர். கொப்பியில் ஆணி வாங்கிய துண்டு முதல் பெற்றோல் துண்டு வரை ஒட்டி, 2023/24 வரி ஆண்டுக்கான கணக்கை எழுதினாள். நான் பார்த்த எத்தனையோ கம்பனிக் கணக்குகளை விட அது சுத்தம். கூலி 30 இலட்சம். எல்லாச் செலவும் போக இலாபம் 16 இலட்சத்து 40 ஆயிரம். செலவுகளுக்கு நடுவே ஒரு வரி: வெயில் சாமான், 90,000.

அந்த ஒரு வரியைத்தான் வரி அலுவலகம் வெட்டியிருந்தது. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வெயில் கிரீம் ஆகியவை தனிப்பட்ட செலவு, கழிக்க முடியாது என்று மதிப்பீட்டு அறிவித்தல் சொன்னது. கணக்கு எளிது. அந்த ஆண்டில் தனிநபர் நிவாரணம் 12 இலட்சம். அவர் கணக்குப்படி மீதி 4,40,000. அதற்கு 6 வீதம், 26,400 ரூபா. 90,000 ஐக் கூட்டினால் 5,30,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், மிச்ச முப்பதாயிரத்துக்கு 12 வீதம். மொத்தம் 33,600. வித்தியாசம் 7,200.

"தம்பி, என்னுடைய பீஸ் அதைவிடக் கூட வருமே" என்றேன்.

"தெரியும் சேர். காசு போனா போகட்டும். அவங்க சொந்தச் செலவுன்னு எழுதிட்டாங்க பாருங்க. அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நான் என்ன பொண்ணு பாக்கவா போனேன்?"

மதிப்பீட்டை ஒப்புக்கொள்ளாதவர் 30 நாளுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. முதல் படியோடு முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் இப்படிப்பட்ட விவகாரத்தைப் பேச முடியாது. டயகம என்றால் கொழும்பு ஆட்களுக்கு மூடுபனியும் மழையும்தான் ஞாபகம் வரும். ஹோட்டன் சமவெளியின் ஓரம். தேயிலை முடியும் இடத்தில் காடு தொடங்கும். அங்கே எதற்கு வெயில் தொப்பி என்று கேட்பவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ஒரு நாள் போய் நிற்க வேண்டும். விடியற்காலையில் கொழுந்து கருகும் அளவுக்குப் பனி, பத்து மணிக்கெல்லாம் பிடரியைச் சுடும் வெயில். குளிர்காற்று அடிப்பதால் சுடுவது தெரியாது. இரவில் படுக்கும்போதுதான் தெரியும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. புற ஊதாக் கதிர் உயரம் ஏற ஏறக் கூடும், ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் அளவில். மெல்லிய மேகம் இருந்தாலும் அதில் 80 வீதம் வரை ஊடுருவி வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறோம். ஆக, குளிரான ஊர் என்பதும் வெயில் காயாத ஊர் என்பதும் ஒன்றல்ல.

கூரைக்கு இன்னொன்று உண்டு. ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் ஏற என் வயது விடவில்லை. புதுத் தகரம் அடித்த கூரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, காலடியிலிருந்தும் வருகிறது. தொப்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது மேலே மறைக்குமே தவிர, தகரம் கீழிருந்து முகத்துக்கு அனுப்புவதை மறைக்காது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆணி அடித்தால் ஆணி பிசகும், சில நேரம் கால் பிசகும். தகரக்காரர் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கத் தொடங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மூத்த மச்சானுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிப் பக்கம் ஏறியது. வைத்தியசாலையில் அதை வெட்டி எடுத்த டொக்டர், வெயிலில் இனிக் கண்ணாடி இல்லாமல் ஏறாதே என்று கிளினிக் கொப்பியில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் கொப்பிதான் என் முதல் ஆவணம்.

கிரீம் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. நமது தோலுக்கு அது தேவையா என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்டால் பாதி உண்மைதான். வெள்ளைத் தோலுக்கு வரும் அளவுக்கு நமக்குத் தோல் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் சூரியக் கதிரைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1992 இலேயே சேர்த்துவிட்டது. கறுப்புத் தோலுக்கு என்று அதில் விலக்கு எழுதவில்லை. 2023 இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் வருகிறது.

இனி சட்டம். இந்தக் கேள்விக்கு நேரான தீர்ப்பு ஒன்றை நம் நாட்டில் நான் காணவில்லை, கண்டது அவுஸ்திரேலியாவில். அந்த நாட்டு வரி ஆணையாளரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: வெயில் எல்லார் தலையிலும்தான் விழுகிறது, இயற்கையிலிருந்து உடம்பைக் காப்பது அவரவர் சொந்த விஷயம். வெவ்வேறு தொழில்களில் வெயிலில் நிற்கிறவர்கள் சேர்ந்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். மொறிஸ் வழக்கு என்று பெயர். 2002 இல் நீதியரசர் கோல்ட்பேர்க் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். வெயில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கலாம், அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் வேலையால் வந்தது. ஆகவே தொப்பி, கண்ணாடி, கிரீம் மூன்றும் வருமானம் தேடும் செலவே. அடுத்த வருடம் அந்நாட்டு வரி அலுவலகம் பாதுகாப்புப் பொருட்கள் பற்றிய தன் தீர்மானத்தை இதற்கேற்ப வெளியிட்டது. ஒரு நிபந்தனை மட்டும்: அதே கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கும் போட்டுக்கொண்டு போனால், வேலைக்கான பங்கை மட்டுமே கழிக்கலாம்.

இதற்கு நேரெதிரான தீர்ப்பு ஒன்றும் உண்டு, அது எங்கள் தொழிலையே பற்றியது. ஆன் மலாலியூ என்ற ஆங்கிலேயப் பெண் சட்டத்தரணி, நீதிமன்ற விதிப்படி அங்கிக்குள் போட வேண்டிய கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கேட்டார். நீதிமன்ற விதி இல்லையென்றால் அந்த உடையைத் தான் வாங்கியிருக்கவே மாட்டேன் என்பது அவருடைய சாட்சியம். அதை யாரும் மறுக்கவும் இல்லை. ஆனாலும் 1983 இல் பிரபுக்கள் சபை நாலுக்கு ஒன்று என்று அவரைத் தோற்கடித்தது. அவர் மனதில் இருந்த நோக்கம் தொழிலாக இருக்கலாம், ஆனால் உடை உடம்பைச் சூடாகவும் மரியாதையாகவும் வைக்கிறதல்லவா என்றார்கள். டிசம்பர் மாதத்து ஹட்டனில் கறுப்புக் கோட்டுப் போட்டு நடந்தவன் என்ற வகையில் சூட்டைப் பற்றிய பகுதியை என்னால் மறுக்க முடியாது. மதியம் ஒரு மணிக்கு அதே கோட்டோடு கொழும்பில் நிற்கும்போது அந்தப் பிரபுக்களைத் திட்டியிருக்கிறேன்.

மலாலியூ தோற்றதற்குப் பெருங்காரணம் ஆங்கிலச் சட்டம் போட்ட நிபந்தனை. அங்கே செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே இருக்க வேண்டும். வேறொரு நோக்கம் கொஞ்சம் கலந்தாலும் மொத்தமும் போய்விடும். நம் நாட்டில் 1932 ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்டத்திலிருந்தே பேச்சு வேறு: வருமானத்தை ஈட்டுவதில் ஏற்பட்ட செலவு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இன்னும் ஒரு படி போய், எந்த அளவுக்கு வருமானம் ஈட்டுவதில் ஏற்பட்டதோ அந்த அளவுக்கு என்கிறது. அதாவது நம் சட்டத்தின் கதவு இங்கிலாந்துப் பக்கம் பூட்டி, அவுஸ்திரேலியாப் பக்கம் திறந்திருக்கிறது. பங்கு பிரிக்க இடமுண்டு. உடைக்கு மட்டும் ஒரு முள் இருந்தது: தன்னுடைய உடை வாங்குவது சொந்தச் செலவு, வேலைக்கு வெளியே உடுத்தப் பொருந்தாத உடைக்கு மட்டுமே விலக்கு. மஞ்சள் பச்சை நிறத்தில் மினுங்கும் பட்டி வைத்து, முதுகில் தொழிலின் பெயர் அச்சடித்த சட்டை அந்த விலக்குக்குள் தாராளமாக வரும். பிடரிக்குத் துணி தொங்கும் தொப்பியும் வரும். அதை நுவரெலியாவின் ஏப்ரல் சீசனுக்குக்கூட ஒருவரும் போட மாட்டார்.

வெளிநாட்டுத் தீர்ப்பு நம் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அவர் காதில் போட்டு வைக்கலாம்.

மீளாய்வைக் கேட்ட உத்தியோகத்தர் நடுவயதுப் பெண்மணி. கிளினிக் கொப்பியை முதலில் பார்த்தார், கூரைப் படங்களை அடுத்துப் பார்த்தார், என் எழுத்துச் சமர்ப்பணத்தைக் கடைசியாகப் பார்த்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. சிங்களத்தில்தான் விசாரித்தார்; தகரக்காரருக்குச் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. கண்ணுக்கு ஏன் தொப்பி போதாது என்று கேட்டார். தகரக்காரர் எழுந்து, மேசை மேலிருந்த எவர்சில்வர் தட்டை ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பினார். ஒளி உத்தியோகத்தரின் முகத்தில் அடித்தது. "இதுதான் மிஸ், ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்" என்றார். நான் கொண்டுபோன இரண்டு தீர்ப்புகளும் அந்தத் தட்டுக்கு ஈடாகவில்லை.

வழக்கு முடிந்தது என்று நினைக்கும்போதுதான் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "இந்தத் தொப்பிகள் யாருக்கு?"

"என் ஆட்களுக்கு மிஸ். எனக்கும் ஒன்று."

"உங்கள் ஆட்கள் என்றால்? அவர்கள் உங்கள் ஊழியர்களா, தனித்தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களா? தனியாட்கள் என்றால் நீங்கள் கொடுத்தது அன்பளிப்பு. ஊழியர்கள் என்றால் தொழில் செலவு, நான் தாராளமாக அனுமதிக்கலாம். ஆனால் 30 இலட்சம் கூலி கொடுத்த கணக்கில் சேமலாப நிதி என்று ஒரு சதமும் இல்லையே."

அந்தக் கேள்வி சரியான கேள்வி. நானும் தகரக்காரரிடம் முதல் நாளே அதைக் கேட்டிருந்தேன். அவர் அப்போது தலையைச் சொறிந்தார். உத்தியோகத்தர் அரை மணி நேரம் அவகாசம் கொடுத்தார். கீழே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம்.

விஷயம் இதுதான். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பொருந்தும். நாட்கூலி, தற்காலிகம் என்ற பேதமில்லை. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். 30 இலட்சம் கூலிக்கு முதலாளியின் பங்கு மட்டும் 4,50,000. போன வருடத்துக்கு என்றால், ஊழியரிடம் பிடிக்காத 8 வீதத்தையும் அவரே கட்ட வேண்டும். ஏழு இலட்சத்தை நெருங்கும். தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் தனி. 7,200 ரூபாவுக்காக வந்தவரிடம் இதைச் சொல்லும்போது என் தேத்தண்ணி ஆறிவிட்டது.

தப்பும் வழி இல்லாமலில்லை. குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் தொழிலுக்குச் சட்டம் விலக்களிக்கிறது. மச்சானைக் குடும்பம் என்று நிறுவ முடியுமா என்று நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். மலையகத்தில் யாருக்கு யார் மச்சான் இல்லை? ஆனால் இரண்டு பேர் முழு வெளியாட்கள். அத்தோடு அந்த விலக்குப் போயிற்று. இன்னொரு வழி, எல்லாரும் சுயமாக வேலை எடுத்தவர்கள் என்று எழுதிக் கொடுப்பது. நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அப்போது தொப்பி அன்பளிப்பாகும், 7,200 கட்டிவிட்டுப் போகலாம். மலிவான வழி அதுதான். உண்மை இல்லை என்பது மட்டும்தான் குறை. அப்படி எழுதுவதென்றால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன், வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வேறெங்கோ தொடங்கினார்.

"சேர், ரெண்டு வருஷத்துக்கு முந்தி சின்னவன் சறுக்கி விழுந்தானே. இடுப்புல அடி. அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது யாரு? நான். மூணு மாசம் வீட்டுக்கு அரிசி போட்டது யாரு? நான். காலைல எத்தன மணிக்கு வரணும், எந்தத் தகரத்துல கால் வைக்கணும், எல்லாம் நான்தான் சொல்றேன். அப்பறம் எப்பிடி சேர் நான் மொதலாளி இல்லேன்னு சொல்றது?"

ஊழியருக்கும் சுயதொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு பற்றி நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன: கட்டுப்பாடு யாருடையது, கருவி யாருடையது, நட்டம் யாருக்கு. தகரக்காரர் அத்தனையையும் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து தொட்டுவிட்டார். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சட்டம் தன்னிடம் எதைக் கேட்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மேலே போய், ஊழியர்கள்தான் என்று சொன்னார். பதிவு செய்கிறேன், பழையதைத் தவணையாகக் கட்டுகிறேன் என்றும் சொன்னார். உத்தியோகத்தர், அது தொழில் திணைக்களத்து விஷயம், தான் எழுதப் போவது வரி பற்றி மட்டும் என்றார். அந்தத் துப்புரவுக்காக அவருக்கு என் மரியாதை.

முடிவு சில வாரத்தில் வந்தது. ஆட்களுக்கு வாங்கியது முழுவதும் அனுமதி. அவருடைய தொப்பி, சட்டை அனுமதி. அவருடைய கண்ணாடியும் கிரீமும் பாதிக்குப் பாதி. ஊர்த் திருவிழாவுக்கும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போவதாக அவரே ஒப்புக்கொண்டிருந்தார். கேட்காமலே ஒப்புக்கொண்டார் என்பதைச் சட்டத்தரணியின் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 90,000 இல் 84,000 நின்றது. மேலதிக வரி 7,200 இல்லை, 360 ரூபா.

தொழில் அலுவலகத்தில் தவணை பேசி முடிக்க இன்னும் சில தடவை போக வேண்டியிருந்தது. அதில் சொல்ல அதிகமில்லை, படிவங்கள்.

டயகமவுக்குப் போன அன்று அவருடைய அம்மாவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. மலையிலிருந்து கொழுந்து நிறுக்க இறங்கி வந்திருந்தார். இடுப்பில் படங்கு, தலையில் மடித்த துணி, அதன் மேல் கூடைக் கயிறு. மகன் எதற்காக வழக்காடுகிறான் என்பது தெரிந்து சிரித்தார்.

"எங்கம்மா காலத்துல கம்பளி குடுத்துட்டுச் சம்பளத்துல புடிப்பாங்க, சேர். மழைன்னா கொங்காணி போட்டுக்கிறது, குளிருன்னா போத்திக்கிறது, எல்லாம் அந்த ஒரு கம்பளிதான். இப்ப புடிக்கிறதும் நின்னுருச்சு, குடுக்கிறதும் நின்னுருச்சு. படங்கு, தொப்பி, சப்பாத்து எல்லாம் நாமளே கடையில வாங்கிக்கிறோம்."

சில தோட்டங்கள் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. கொடுக்கும் தோட்டம் அதைச் செலவாக எழுதித் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ளும். அதற்கு மீளாய்வும் தேவையில்லை, எவர்சில்வர் தட்டும் தேவையில்லை. கொடுக்காத இடத்தில் அந்தச் செலவு அம்மாவின் தலையில். அவர் ஊழியர்; நம் நாட்டு வரிச்சட்டம் ஊழிய வருமானத்திலிருந்து இப்படிப்பட்ட செலவைக் கழிக்க விடுவதில்லை. மொறிஸ் வழக்கின் தொழிலாளி சம்பளக்காரனாக இருந்தாலும் கழிக்கலாம். விட்டாலும் இங்கே என்ன பயன்? 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 பேர் (25 நாள் வேலை) விழுந்தால் வருடத்துக்கு 4,05,000. வரி அப்போது தொடங்கிய இடம் 12 இலட்சம். கழிப்பதற்கு வரியே இல்லாதவருக்கு வரிக்கழிவு பசித்தவனுக்குக் காட்டிய சாப்பாட்டுப் படம்.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலிருந்து இருக்கிறது. அதன்படி ஸ்டோருக்குள் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். ஸ்டோர் வாசலைத் தாண்டி மலை ஏறியதும் அந்தச் சட்டம் கூட வருவதில்லை. கூடையில் வரும் கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்த பிறகுதான் சட்டத்துக்குள்ளும் நுழைகிறது. அதைக் கிள்ளியவர் வெளியே நிற்கிறார். வரிக்கழிவைப் பற்றி என்ன பேசினாலும், என் அபிப்பிராயத்தில் திருத்த வேண்டிய இடம் இதுதான்.

அம்மா வேறொன்றையும் கேட்டார். செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு எடுத்துக்கொள்ளும் முறை பல தோட்டங்களில் வந்துவிட்டது. உரம், மருந்து இவற்றின் விலையைக் கொழுந்துக் காசில் கழிப்பார்கள். அந்தக் காசுக்குச் சேமலாப நிதி விழாது. அதில் சேரலாமா என்பது கேள்வி. சட்டப்படி பார்த்தால் அன்றிலிருந்து அவர் ஒரு வணிகர். படங்கு, தொப்பி, சப்பாத்து எல்லாம் வணிகச் செலவு. மகன் தன் ஆட்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொண்டு கட்டப்போகும் 12 வீதத்தை, அதே வருடத்தில் அம்மா தன்னை ஊழியர் இல்லை என்று எழுதிக் கொடுத்து இழப்பார். கையெழுத்து வைக்க வேண்டாம், செக்றோலில் பெயர் இருக்கும் வரை விடாதீர்கள் என்று சொன்னேன். வைக்கவில்லை என்றுதான் கேள்வி.

அடுத்த வருடக் கணக்கோடு மச்சினிச்சியே வந்தாள். வேலை ஏறக்குறைய அதே அளவு; கூலியும் அதே அளவு. பட்டா லொறி வந்திருந்தது. ஆனால் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இரண்டுக்கும் முதலாளி கட்டிய 4,50,000 ஐக் கழித்த பிறகு, இலாபம் 11 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. நிவாரணம் 12 இலட்சம். ஆக, தகரக்காரருக்கு அந்த வருடம் வருமான வரியே இல்லை. நாங்கள் வாதாடி வென்ற வெயில் சாமான் கழிவு கொப்பியில் அப்படியே இருந்தது, அதைக் கொண்டு கழிக்க ஒரு சதமும் இல்லாமல்.

ஆனாலும் அவர் அந்தச் செலவை இப்போது விலை மதிப்பீட்டுப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுகிறாராம். சதுர அடி விலைக்குக் கீழே தனியாக. கூரை போடச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் கட்டுகிறார்கள்.

பற்றுச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. தொப்பி ஏழு வாங்கியிருந்தார்கள், செலவில் எழுதியது ஆறு.

"ஒண்ணு அத்தைக்கு சேர், கொழுந்தெடுக்கப் போட்டுக்கிட்டுப் போறாங்க" என்றாள். "அது சொந்தச் செலவுதானே?"

சட்டப்படி அவள் போட்ட கணக்குச் சரி.